இன்னும் தடித்த தோட்டா

"பிள்ளை, எந்தத் தோட்டா எண்டு நீயே சொல்லிப்போடு. எனக்கு நித்திரை இல்லை."

குணபாலசிங்கம் மூன்று தோட்டாக்களை மேசையில் நிறுத்தினார். ஒன்று ஒல்லி. அடுத்தது தடிப்பு. மூன்றாவது இன்னும் தடிப்பு, இன்னும் நீளம்.

யசோதினி தன் நாயின் பாதத்தில் ஏறியிருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

நோர்வேயின் அந்தப் பள்ளத்தாக்கில் யாராவது எல்க் மானைச் சுட்டு, அது சாகாமல் ஓடிவிட்டால், அவளுக்குத்தான் போன் வரும். குதிரையைவிட உயரமான மான் அது. அவளும் நாயும் இரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் போவார்கள். தேடிக் கண்டுபிடித்து, அதன் வேதனையை முடித்துவிட்டு வருவார்கள்.

அவள் குழந்தையாக வந்து அங்கேயே வளர்ந்தவள். குணபாலசிங்கம் யாழ்ப்பாணத்திலிருந்து மீசையோடு வந்தவர், முதியோர் இல்லத்தில் சமையல்காரர். அவருக்குத் துவக்குப் பிடித்துச் சுடப் பழக்கியது அவள்தான். அந்த ஒரு விசயத்தில் அவள் குரு, அவர் சீடன். மற்ற எல்லாவற்றிலும் அவர் அண்ணை.

போன வருசம் அவர் சுட்ட மான் முன்னங்கால் உடைந்து ஓடியது. மறுநாள்தான் யசோதினி அதைக் கண்டுபிடித்தாள். உயிரோடு நின்றதாம், காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

அவள் அதை ஒருதரம்தான் சொன்னாள். மனுசனை வருசம் முழுக்கத் தின்ன அது போதும்.

பழியை எங்கேயாவது போட வேண்டுமே. தோட்டாவில் போட்டார். ஆறரை மில்லிமீட்டர்க் குண்டு. அது சின்னன், அதுதான் பிழை.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் படித்தார். எந்தக் குண்டு என்ன எடை, எது எலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே போகும், எது தோலோடு சிதறும், எல்லாம் மனப்பாடம். சுவீடன்காரர் ஒன்றைப் புகழ்வார்கள், பின்லாந்துக்காரர் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எங்கள் ஆட்கள் கோயில் நிர்வாகத்துக்கு அடிபடுகிற மாதிரி, அங்கே தோட்டாவுக்கு அடிபடுவார்கள்.

ஆறரைத் துவக்கை விற்றார். ஒன்பது தசம் மூன்று மில்லிமீட்டர்த் துவக்கை வாங்கினார்.

வேட்டைக்கு முன் வருசாவருசம் சுட்டுக் காட்ட வேண்டிய சோதனை ஒன்று உண்டு. கடதாசி மானின் நெஞ்சுக்குள் ஐந்து வெடியும் விழ வேண்டும். அவருடையது வயிற்றில் விழுந்தது, காலில் விழுந்தது, ஒன்று மண்ணில் விழுந்தது.

கடதாசி மானுக்கும் பெரிய குண்டு வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அதையும் விற்றுவிட்டு இன்னும் தடித்த 'முந்நூற்று எழுபத்தைந்து' வாங்கினார், அது அங்குலக் கணக்கில் வைத்த பேர். ஆபிரிக்காவில் எருமைக்கு வைக்கிற வெடி. சுடும்போது துவக்கு பின்னால் இடிக்கிற இடியில் அவருடைய தோள் கத்தரிக்காய் நிறமானது. மனைவி நல்லெண்ணெய் பூசி உருவிவிட்டுக்கொண்டே ஏசினாள். சோதனையில் இந்தமுறையும் கோட்டை விட்டார்.

சனிக்கிழமை கடைசிச் சோதனை. அதிலும் தவறினால் அவர் நிற்கும் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று வேட்டைக் குழுத் தலைவர் ஒட்வார் சொல்லிவிட்டார். அந்தக் குழுவில் ஒரு இடம் கிடைத்தால், அந்த ஊர் உன்னைத் தன் ஆளாக எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். எத்தனையோ வருசம் காத்திருந்து கிடைத்த இடம்.

கதிரையில் இருக்க முடியாமல் எழும்பினார். யன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார், தோட்டாக்களை இடம் மாற்றி வைத்தார்.

"இடம் போனால் போகட்டும், பிள்ளை. தற்செயலாய்ப் பாசாகி, திரும்பவும் ஒரு சீவனை அப்பிடி நொண்ட விட்டால், நான் என்ன மனுசன்? எனக்குப் பயமாய்க் கிடக்கு."

யசோதினி முள்ளைச் சாம்பல் கிண்ணத்தில் போட்டாள்.

"ரத்தத்தை மோப்பம் பிடிக்கேக்கை வீமன் ஒருநாளும் குண்டு என்ன நம்பர் எண்டு கேட்டதில்லை, அண்ணை."

வீமன் அந்த நாய். குணபாலசிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. விடுகதை கேட்க வரவில்லை என்றார். ஒரு பதில் கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும் என்றார். நோர்வேயில் வளர்ந்த பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான் என்றும் சொன்னார்.

அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, துவக்கை எடுத்துவரச் சொன்னாள்.

சுடுகளம் வரைக்கும் அவர் வாய் ஓயவில்லை. குண்டின் வேகம், வெடிமருந்தின் எடை, சுவீடனில் ஒருவன் சொன்னது, அதற்கு இன்னொருவன் மறுத்தது. அவள் காரை ஓட்டினாள். நாய் பின் சீட்டில் கொட்டாவி விட்டது.

களத்தில் வேறு ஆட்கள் இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. இன்றைக்குத் தோட்டா நான்தான் போடுவேன் என்றாள் யசோதினி. முதுகைக் காட்டி நின்று போட்டு, துவக்கை அவரிடம் நீட்டினாள்.

சுட்டார். கடதாசி மானின் முழங்காலில் பட்டது.

அவள் வாங்கி, திரும்பி நின்று, போட்டுக் கொடுத்தாள். சுட்டார். மண் தெறித்தது.

"பாத்தியோ? இந்தத் துவக்கு எனக்குச் சரிவராது. இதைவிடப் பெரிசு ஒண்டு இருக்கு..."

அவள் கையை நீட்டினாள். வாங்கினாள். திரும்பி நின்றாள். கொடுத்தாள்.

இந்தமுறை விடுவதில்லை என்று பல்லைக் கடித்தார். கால்களை அகட்டி ஊன்றினார். மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்தினார். மானின் நெஞ்சு குறிபார்க்கும் கண்ணாடிக்குள் நேராக நின்றது. விசையை அழுத்தினார்.

டிக்.

வெடிக்கவில்லை.

ஆனால் குழல் நிலத்தை நோக்கிக் குத்தியது. கண் இரண்டும் இறுகி மூடின. தோள் துள்ளிப் பின்னால் போனது, கூடவே ஒரு காலும் வழுக்கிப் பின்னால் போனது.

வழுக்கிய காலை இழுத்து ஊன்றினார். பிறகு துவக்கைத் திறந்தார். உள்ளேயிருந்து விழுந்தது மருந்தில்லாத வெறும் தோட்டா, பழகுகிறவர்கள் போட்டுப் பார்க்கிறது. அதைக் குனிந்து எடுத்தார். உள்ளங்கையில் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார்.

"பிள்ளை, இதுக்குள்ளை வெடியே இல்லையே."

"இல்லை அண்ணை. அப்ப உங்களை இடிச்சது எது?"