கஞ்சியில் ஒரு கரண்டி

ரோமாபுரியில் டெசிமஸ் என்று ஒருவர் செனட் சபையில் இருந்தார். நாற்பது வயது. அவருக்கு எழுத்தும் ஞானமும் சொல்லிக்கொடுத்த குரு நிக்கான், அவர் வீட்டிலேயே அடிமை. பிறர் முன்னால் "எஜமானே" என்பார். தனியாக இருந்தால் "தம்பி" என்பார்.

அந்த வாரம் கால்வஸ் என்ற பிரபுவை அவருடைய அடிமை ஒருவன் குத்திக் கொன்றுவிட்டான். எஜமானை ஓர் அடிமை கொன்றால், காப்பாற்றத் தவறிய குற்றத்துக்காக அந்த வீட்டு அடிமைகள் அத்தனை பேரையும் கொல்ல வேண்டும் என்று பழைய சட்டம் ஒன்று உண்டு. கால்வஸ் வீட்டில் அறுபத்திரண்டு பேர்.

காலையில் நிக்கான் கஞ்சி கொண்டுவந்தார். டெசிமஸ் தொடவில்லை.

"ஆறுகிறது பார். குடி தம்பி."

"இன்றைக்குச் சபையில் முடிவு. கொல்லலாம் என்பவர்கள் ஒரு பக்கம் நடக்க வேண்டும், வேண்டாம் என்பவர்கள் மறுபக்கம். நான் எந்தப் பக்கம் நடக்கட்டும், ஐயா?"

"அந்த வீட்டுச் சமையற்காரி போன வாரம்தான் பிள்ளை பெற்றாள்."

"அதற்கு?"

"எஜமான் அலறியபோது ஏன் ஓடிவந்து காப்பாற்றவில்லை என்று அந்தப் பிள்ளையையும் கேட்கப்போகிறீர்கள். அது என்ன பதில் சொல்லும், தம்பி?"

டெசிமஸ் எழுந்தார். "வேண்டாம் என்ற பக்கம்தான் நடப்பேன், ஐயா."

சபையில் அந்தப் பக்கம் மூன்று கிழவர்கள் மட்டும் நின்றார்கள். டெசிமஸ் ஓரடி எடுத்து வைத்தார்.

"எங்கேப்பா கிளம்பிவிட்டாய்?" என்றார் ஒருவர். "நடக்கவும் உன் அடிமைதான் சொல்லிக்கொடுத்தானா?"

சபையே சிரித்தது. இன்னொருவர் காதருகே குனிந்தார்.

"உன் வீட்டில் எத்தனை பேர்?"

"முப்பத்தாறு."

"நீ நிம்மதியாகத் தூங்க வேண்டாமா?"

டெசிமஸ் திரும்பி, கூட்டம் நின்ற பக்கம் நடந்தார்.

மறுநாள் அறுபத்திரண்டு பேரையும் கொல்லக் கொண்டுபோனார்கள். தெருவின் இருபுறமும் சிப்பாய்கள். சமையற்காரி பிள்ளையை மேலாடைக்குள் பொத்திக்கொண்டு நடந்தாள், வெயில் படாமல்.

அதற்கடுத்த நாள் காலை நிக்கான் கஞ்சி கொண்டுவந்தார். ஒரு கரண்டி எடுத்துத் தாம் குடித்தார். சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு கிண்ணத்தை நீட்டினார்.

டெசிமஸுக்குக் கண் கலங்கியது. சின்ன வயதில் அவருக்குச் சூடு பார்க்க நிக்கான் இப்படித்தான் செய்வார்.

"நான் இன்னும் குழந்தையா, ஐயா? என்மேல் கோபம் இல்லையே?"

"சூடு பார்க்கவில்லை. விஷம் இருக்கிறதா என்று பார்த்தேன்."

"நம் வீட்டில் யார் வைப்பார்கள்?"

"யாரும் வைக்க மாட்டார்கள். ஆனாலும் நீங்கள் செத்தால் முப்பத்தாறு பேர் சாக வேண்டுமே."

டெசிமஸ் கிண்ணத்தையே பார்த்தார்.

"அன்றைக்கெல்லாம் அன்பினால்தானே செய்தீர்கள்?"

"அன்றைக்கு அன்புதான். இன்று கரண்டியை எடுக்கும்போது நானும் யோசித்துப் பார்த்தேன், அன்பா, பயமா என்று. எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. ஆறுவதற்குள் குடியுங்கள், எஜமானே."