கசந்த பாயசமும் கைராசி ராசாவும்

காக்கைகளுக்கெல்லாம் வால் வெள்ளையாக இருந்த காலத்திலே, மஞ்சணூர்ச் சீமையை அதிரவர்மன் என்றொரு ராசா ஆண்டுவந்தார். அவருக்கு இரண்டு பெருமைகள்.

ஒன்று, அவருடைய சண்டைக் கிடா. அது முட்டினால் கோட்டைச் சுவர் நாலடி தள்ளிப் போய் நிற்கும். சுவரை மறுபடி இழுத்து வைக்கத் தனியாக ஆட்கள் இருந்தார்கள். தினமும் காலையில் அந்தக் கிடாவைத் தேய்த்துத் தடவிக் கொஞ்சுவது ராசாவேதான். வேறு யாரும் தொடக் கூடாது.

இன்னொன்று, அவருடைய வலது கை. அது பட்டால் எதுவும் பெருகும் என்று நம்பினார். விருந்து நாளில் நேரே மடைப்பள்ளிக்குப் போய், ஆறின பாயச அண்டாவில் முழங்கை வரை விட்டு ஒரு கலக்குக் கலக்குவார். "ஆகா, கைராசி!" என்று சபை கும்பிடும்.

முன்பெல்லாம் அதற்கு முன்னால் கை கழுவச் செம்பில் தண்ணீர் வரும். சபையில் வேங்கடத்தான் என்றொரு பிரதானி. அவன் ஒருநாள், "மகராசா, தங்கள் கையைக் கழுவுவதா? கங்கையைப் பிடித்துக் குளிப்பாட்டுகிற மாதிரி அல்லவா இருக்கிறது!" என்றான். ராசா குளிர்ந்துபோனார். செம்பு மூலைக்குப் போயிற்று.

அன்றிலிருந்து ஒவ்வொரு விருந்துக்கும் மறுநாள் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடியது. சபையில் ஓடாதவர் ராசா ஒருத்தர்தான்.

வேங்கடத்தானுக்கு அமைச்சர் சாத்தப்பனைக் கண்டால் ஆகாது. இதுதான் சமயமென்று ராசா முன்னால் வந்து நின்றான். "மகராசா, இது விஷம்! சமையல்காரி மாராயியின் வேலை. அவளை அரண்மனைக்குக் கொண்டுவந்ததே அமைச்சர்தான்!" என்றவன், சட்டென்று வெளியே ஓடினான். திரும்பி வந்து, "என்னிடம் ஆதாரம்..." என்று ஆரம்பித்தான். மறுபடியும் ஓடினான்.

ராசா மீசையை முறுக்கினார். "வருகிற பௌர்ணமி விருந்தில் ஒரு வயிறு கலங்கினாலும் மாராயியின் தலை யானைக் காலடிக்குத்தான்."

சாத்தப்பன் வீடு வீடாக விசாரித்தார். சோறும் குழம்பும் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றுமில்லை. பாயசம் குடித்தவர்கள்தான் ஓடியிருக்கிறார்கள். மடைப்பள்ளிக்குப் போனார்.

"மாராயி, ராசாவும் அதே பாயசம்தானே குடிக்கிறார்?"

"அதே அண்டாதான் சாமி. ஆனா முன்னாடியே அவருக்குன்னு ஒரு கிண்ணத்துல மொண்டு வச்சிருவேன்."

"எதற்கு முன்னாடி?"

மாராயி சுற்றுமுற்றும் பார்த்தாள். "சாமி, எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. அத மட்டும் என் வாயால சொல்ல வைக்காதீங்க."

"சரி சரி. நானும் சொல்லப் போவதில்லை. எனக்கும் கழுத்து ஒன்றுதான்."

பௌர்ணமி வந்தது. ராசா கிடாவைத் தடவினார், அண்டாவைக் கலக்கினார், பந்தியில் வந்து உட்கார்ந்தார். தொன்னைகளில் பாயசம் விழுந்தது. முதல் வாய் வைத்ததுதான் தாமதம், "த்தூ!" என்று பந்தி முழுக்கத் துப்பியது. தளபதி துப்பியது எதிர்வரிசைப் புலவர் மேலே போய் விழுந்தது. ராசா மட்டும் தன் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்துக்கொண்டே, "என்ன தித்திப்பு! ஏன் துப்புகிறீர்கள்?" என்றார்.

"கசக்கிறது மகராசா! விஷம்! பிடியுங்கள் அந்த மாராயியை!" என்று துள்ளினான் வேங்கடத்தான்.

சாத்தப்பன் எழுந்தார். "பொறுங்கள் பிரதானி. கலந்தது யாரானாலும் அவர் கையிலும் கசப்பு ஒட்டியிருக்குமே? நக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்."

"நல்ல யோசனை! சபையில் ஒருவரையும் விடக் கூடாது!" என்றான் வேங்கடத்தான்.

"ஒருவரையுமா?"

"ஒருவரையும்!"

எல்லாரும் கையை நக்கினார்கள். மாராயியின் கையில் ஏலக்காய் மணந்தது. வேங்கடத்தான் கையில் வெற்றிலைச் சுண்ணாம்பு. ராசாவுக்கு வேடிக்கை தாங்கவில்லை. "என்னை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று சிரித்துக்கொண்டே தன் வலது கையை நீளமாக ஒரு நக்கு நக்கினார்.

கிடாவே வந்து முகத்தில் முட்டியது போலிருந்தது அவருக்கு. வெளியே வந்த நாக்கு உள்ளே போகவில்லை.

"சாத்தப்பா... இது யார் வேலை?"

"நிலவேம்புப் பொடி, மகராசா. விடியும்போது நான்தான் கிடாவைத் தொடாமல் அதன் முதுகில் தூவினேன். அங்கிருந்து தங்கள் கைக்கு வந்தது. கையிலிருந்து அண்டாவுக்கு, அண்டாவிலிருந்து சபையின் நாக்குக்கு."

"என்ன துணிச்சல் உமக்கு!"

"இன்றைக்கு வந்த கசப்பு மட்டும்தான் நான் வைத்தது, மகராசா. இத்தனை விருந்தாக அதே வழியில் வந்ததெல்லாம் கிடா வைத்தது. அந்த அழுக்குக்குக் கசப்பு இல்லை; அதனால் எல்லாரும் குடித்துவிட்டார்கள். இன்று ஒருவரும் விழுங்கவில்லை. நாளைக்கு ஒரு வயிறும் கலங்காது. மாராயியின் தலையும் தப்பியது."

ராசா தன் கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கிடா படுத்துப் புரளும் இடத்தை நினைத்துப் பார்த்தார். பிறகு வேங்கடத்தானை நிமிர்ந்து பார்த்தார்.

"பிரதானி, அந்தச் செம்பைத் தேடி எடும். இனி விருந்துக்கு வருகிற ஒவ்வொருவர் கைக்கும் நீர்தான் தண்ணீர் ஊற்றுவீர். முதல் கை என்னுடையது."

சாத்தப்பன் கழுத்தில் ராசாவின் முத்துமாலை விழுந்தது. புது அண்டாவில் புதுப் பாயசம் கொதித்து ஆறியது. ராசா சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவிய கையை ஆசையோடு அண்டாப் பக்கம் நீட்டினார். மாராயி கரண்டியைக் குறுக்கே நீட்டினாள்.

"மகராசா, கை!"

"கழுவிட்டேன் ஆத்தா!"

"கழுவினா நல்லதுதான். கலக்கறதுக்குக் கரண்டி இருக்கு."

ராசா கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "அப்படியானால் என் கிண்ணத்தில் ஒரு கரண்டி கூடப் போடு" என்றார்.

அதைப் பார்த்துச் சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். எல்லார் வாயிலும் பாயசம்.