மூலைத் தொட்டியில் கடல்

"அவ அன்னைக்கு என்ன சொன்னான்னு இப்ப ஞாபகமே இல்லம்மா. கோவம் மட்டும் முந்தியைவிடக் கூடிக்கிட்டே போகுது. இது என்ன கணக்கு?"

கேட்டவர் ஆவுடையப்பன். பஸ் டிப்போ மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கத்தினால் சாவி போடாமலே வண்டி கிளம்பிவிடும் என்று டிரைவர்கள் சொல்வார்கள்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் வடிவம்மை, அந்தக் கடற்கரை மடத்தின் குரு. ஆவுடையப்பனைவிடப் பத்து வயது இளையவர். சின்னவளைப் போய் அம்மா என்று கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று அதிலும் அவருக்கு ஒரு கோபம் உண்டு.

'அவ' என்றால் காந்திமதி, ஒரே மகள். கல்யாணத்துக்கு முந்தின நாள், சொந்தபந்தம் எல்லாம் மண்டபத்தில் வந்து இறங்கிய பிறகு, அத்தனை பேர் முன்னாலும் நின்று இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம் என்றவள். பிறகு தானே ஒருத்தனைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள்.

அந்த அவமானத்தோடு மடத்துக்கு வந்தவர்தான் ஆவுடையப்பன். வீட்டுக்குத் திரும்பவில்லை.

"பங்குனி உத்திரத்துக்கு இங்க வாராளாம். மடத்து ஆபீஸுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கா. இந்தத் தடவையும் நான் மூஞ்சியைத் திருப்பினா இனி வரவே மாட்டாளாம். பெத்த அப்பனையே மிரட்டுதா, பாத்தீங்களா?"

"என்ன செய்யப் போறீங்க?"

"வாசல்ல வச்சே நறுக்குன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிருவேன்." குரல் இறங்கியது. "அனுப்பிட்டா, அப்புறம் எனக்குன்னு யாரு இருக்கா?"

வடிவம்மை கூடத்தின் மூலையைக் கை காட்டினார். சுவரோடு ஒட்டினாற்போல ஒரு முக்கோணக் கண்ணாடித் தொட்டி. உள்ளே தங்க மீன்கள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

"அதைக் கடலாக்குங்க அண்ணாச்சி."

"என்னது?"

"இப்ப நல்ல தண்ணித் தொட்டி. அதைக் கடல் தொட்டியா மாத்துங்க. பவளம், கடல் மீன் எல்லாம் இருக்கட்டும்."

"நான் மனசைப் பத்திக் கேட்டா, இந்தம்மா மீன் தொட்டி கழுவச் சொல்லுது" என்று சமையல்கட்டில் போய்ப் பொரிந்து தள்ளினார். அடுப்படியில் இருந்தவர்கள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். வேறு என்ன செய்ய முடியும்?

ஆனால் மறுநாள் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். மனுஷன் கோபக்காரர்தான், சோம்பேறி இல்லை.

தங்க மீன்களைத் தோட்டத்துச் சிமெண்டுத் தொட்டிக்கு மாற்றினார். செடிகளைப் பிடுங்கி, கூழாங்கல்லை அள்ளி, கண்ணாடியைச் சோப்பு போடாமல் தேய்த்துக் கழுவினார். கேன் கேனாகக் கடல் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினார்.

தூத்துக்குடியில் கடல்மீன் வளர்ப்புப் பண்ணை வைத்திருக்கும் ரொசாரியோ, மடத்துக்கு வேண்டியவர். அவர் மணலும் கல்லும் கொடுத்து, அலையடிக்கிற மோட்டாரும் நீல விளக்கும் மாட்டிக் கொடுத்தார்.

"மீனை விட்டிருவமா வே?"

"இப்ப விட்டா செத்துப்போகும் அண்ணாச்சி. தண்ணி முதல்ல பக்குவப்படணும். தை பொறக்கட்டும்."

அதுவரை வெறும் தண்ணீரும் கல்லும்தான். கல் பழுப்படித்தது, பாசி பிடித்தது. ஆவுடையப்பன் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பொருமினார்.

"தொட்டியில என்ன இருக்கு?" என்று யாராவது கேட்டுவிட்டால் தொலைந்தார்கள்.

"ஒண்ணும் இல்ல. என் வீடும் இப்படித்தான் காலியாக் கெடக்கு. ஏன்னு கேளுங்க" என்று ஆரம்பிப்பார். மண்டபம், சொந்தபந்தம், மகள், மானம் போனது எல்லாம் வரும். பால்காரருக்குச் சொன்னார். சிலிண்டர் கொண்டுவந்தவருக்குச் சொன்னார். திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் நிழலுக்கு ஒதுங்கினால் அவர்களுக்கும் சொன்னார். காலில் கொப்புளத்தோடு அவர்கள் நின்று கேட்டார்கள்.

தை பிறந்தது. ரொசாரியோ தன் பண்ணையில் வளர்த்த கோமாளி மீன் ஒரு ஜோடி, இறால் இரண்டு, சின்னக் கல்லில் ஒட்டி வளரும் உயிருள்ள மென்பவளம் ஒன்று கொண்டுவந்தார்.

மென்பவளம் முதலில் சுருண்டு கிடந்தது. பிறகு விரல் விரலாக நீட்டி விரிந்தது. ஆவுடையப்பன் சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. அவர் சிரித்து அந்த மடத்தில் அன்றுதான் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, இன்னொண்ணு" என்றார் ரொசாரியோ. "விளக்குச் சூட்டுக்குத் தண்ணி குறையும். குறையும்போது நீங்க..."

"குறைஞ்சா ஊத்தத் தெரியாதா வே? டிப்போவுல நூறு வண்டிக்கு ரேடியேட்டர் பாத்தவன் நான். இதே மாதிரிதான் மண்டபத்துல அன்னைக்கு எனக்குப் புத்தி சொல்ல வந்தானுவ. கேளும், என் மக என்ன செஞ்சா..."

ரொசாரியோ அதை ஏற்கெனவே கேட்டவர். பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆவுடையப்பன் தண்ணீர் மட்டத்துக்குக் கண்ணாடியில் டேப் ஒட்டி வைத்தார். காலையில் மட்டம் இறங்கியிருக்கும். கடலுக்குப் போய் ஒரு குடம் கொண்டுவந்து, டேப்பைத் தொடும்வரை ஊற்றுவார். காய்ச்சல் அடித்த அன்றுகூடப் போய் வந்தார்.

மாசியில் மென்பவளம் சுருங்கியது. ஒரு இறால் செத்து மல்லாந்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் ஒரு நாள் காலையில் மீன் இரண்டும் அடியில் ஒதுங்கி வாயைத் திறந்து திறந்து மூடின.

ஆவுடையப்பன் வெடித்தார்.

ரொசாரியோவை வரவழைத்து, "நோஞ்சான் மீனா பாத்து என் தலையில கட்டிட்டீரு" என்றார். விளக்கைத் திட்டினார், மோட்டாரைத் திட்டினார். எதிரே இருந்த கடலுக்கும் கிடைத்தது. கடைசியில் குருவிடம் திரும்பினார்.

"நீங்க சொல்லித்தான் செஞ்சேன். மாசக்கணக்கா நாயா உழைச்சேன். என் கோவமும் போகலை, வாயில்லா ஜீவனும் பிழைக்கலை. என்ன குரு நீங்க?"



வடிவம்மைக்கும் கோபம் வந்தது. குருவுக்குக் கோபம் வராது என்று யார் சொன்னது?

"கத்தி முடிச்சாச்சா? அந்தக் குடத்துத் தண்ணியை வாயில வச்சுப் பாருங்க."

அது அன்று காலை கொண்டுவந்த கடல் தண்ணீர். விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"கரிக்குது. கடல் தண்ணி கரிக்காதா?"

"இப்பத் தொட்டித் தண்ணி."

வைத்தார். முகம் கோணிப்போய்த் துப்பினார்.

"இது கைக்குதே."

"கடலைவிட உப்பு எங்கேயிருந்து வந்தது?"

"எனக்கு என்ன தெரியும்? நான் வேற எதையும் போடலை. குறைஞ்சதைத்தான் ஊத்தினேன். ஒரு நாள் தவறலை."

"குறைஞ்சது எது அண்ணாச்சி?"

"தண்ணி."

"உப்பு?"

ஆவுடையப்பன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சன்னலுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் உப்பளம். வெயிலில் தண்ணீர் வற்றி, பாத்திகள் வெள்ளையாகக் கிடந்தன. பிறந்ததிலிருந்து பார்க்கிறார்.

"உப்பு போகலை" என்றார்.

"நீங்க தினமும் ஊத்தினது?"

ரொசாரியோவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"அதைத்தான அன்னைக்குச் சொல்ல வந்தேன். குறையும்போது நல்ல தண்ணி ஊத்துங்கன்னு. நீங்க கேட்டாத்தான? மறுபடியும் மக கதையை எடுத்து..."

வடிவம்மை கையை உயர்த்தினார். ரொசாரியோ நிறுத்திக்கொண்டார்.

ஆவுடையப்பன் தொட்டியைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு தணிந்த குரலில் கேட்டார். "இப்ப என்ன செய்ய?"

"நல்ல தண்ணி ஊத்துங்க. மொத்தமா ஊத்தினா அதுவே கொன்னுரும். கொஞ்சம் கொஞ்சமா."

ஊற்றினார். கொஞ்சம் உப்புத் தண்ணீரை மொண்டு வெளியே விட்டுவிட்டு, ஒரு டம்ளர் உள்ளே. பால்காரர் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, உத்திரம் வருதே, மக என்ன..." என்று இழுத்தார். ஆவுடையப்பன் பாலை வாங்கிக்கொண்டு, "நாளைக்கு அரை லிட்டர் கூட வேணும்" என்று மட்டும் சொன்னார். பால்காரர் ஏமாந்து போனார்.

மீன்கள் பிழைத்தன. மென்பவளம் இன்னும் முழுசாக விரியவில்லை.

கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. உத்திரத்தன்று கேட் சத்தம் கேட்டதுமே அது தொண்டை வரைக்கும் வந்தது.

காந்திமதி வெளியே நின்றாள். வேர்த்துக் கொட்டியிருந்தது. திட்டு வாங்கத் தயாராகப் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். மண்டபம் என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. வாயை மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார்.

"உத்திரக் கூட்டமாச்சே. பஸ்ல உக்கார இடம் கெடைச்சுதா?"

அவள் அப்பாவையே பார்த்தாள்.

"இல்லப்பா. நின்னுக்கிட்டேதான் வந்தேன்."

"அப்ப உள்ள வந்து உக்காரு" என்றார்.