தண்ணீர் ஊற்றும் அதிகாரம்

"திருச்சபையில அதிகாரம் யார் கையில இருக்கு?"

வாசலில் நின்றபடியே கேட்டார் சூசைமிக்கேல்.

மடத்தம்மா அப்போதுதான் உப்பளத்திலிருந்து வந்திருந்தாள். காலில் சேறு இன்னும் காயவில்லை.

"உள்ள வாரும் உபதேசியாரே. கையில இருக்கிறத முதல்ல கீழ வையும்."

"வைக்க இடம் இல்லாமத்தான் வந்திருக்கேன்."

அவர் கையில் வெள்ளைத் துணி சுற்றிய ஒரு பொட்டலம். ஒரு முழ நீளம்தான் இருக்கும்.

மடத்தம்மா அதைப் பார்த்தாள். பிறகு கால் கழுவப் போகவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இவள் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் கன்னியர் மடத்தில் இருந்தவள். ஏன் வெளியே வந்தாள் என்பதற்குக் கடற்கரை ஊரில் ஒரு கதை உண்டு, பனங்காட்டு ஊரில் வேறொரு கதை உண்டு. கடற்கரை ஊர் கத்தோலிக்க ஊர். பனங்காட்டு ஊர் புராட்டஸ்டண்ட் ஊர். நடுவில் உப்பளம். உப்பள ஓரத்தில் இவள் குடிசை.

பங்குச் சாமியார் இவளைக் கெட்டுப்போனவள் என்பார். பனங்காட்டு ஐயர், அங்கே போதகரை அப்படித்தான் சொல்வார்கள், இவளை விவரமில்லாதவள் என்பார்.

ஆனால் பாருங்கள், பதில் கிடைக்காத கேள்வி என்றால் இரண்டு ஊர்க்காரரும் இவளிடம்தான் வருவார்கள்.

சூசைமிக்கேல் கடற்கரை ஊர் உபதேசியார். பதினெட்டு வருஷமாகக் கோவிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர். அவர் மனைவி எஸ்தர் பனங்காட்டுப் பெண்.

"எத்தனை நாள் பிள்ளை?"

"நாலு நாள். காலையில போயிட்டான்."

"சாமியார் என்ன சொன்னார்?"

"ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை. மதிலுக்கு வெளிய, கள்ளிப் பக்கம் வைச்சுக்கோன்னார். மணி அடிக்க முடியாதுன்னார். அழுதுட்டேதான் சொன்னார், அதையும் சொல்லணும்."

"பனங்காட்டுல?"

"அவங்க சபையோட சேகரக் கமிட்டி கூடணுமாம். பிள்ளையோட தகப்பன் அவங்க சபை இல்லையே. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பேசுறோம்னாங்க."

"பூசைன்னா சொன்னாங்க?"

"ஆராதனைன்னாங்க. என் வாய்க்குப் பூசைன்னுதான் வருது."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

வெளியே உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன.

"நாலு நாள் இருந்திருக்கான். ஏன் ஞானஸ்நானத் தண்ணி ஊத்தல?"

"எந்தக் கோவில்ல ஊத்துறதுன்னு பேச்சு முடியல. எட்டாம் நாள் வரைக்கும் பொறுத்துப் பேசலாம்னு நானும் மாமனாரும் ஒத்துக்கிட்டோம்."

"பிள்ளையும் ஒத்துக்கிட்டானா?"

சூசைமிக்கேல் தலை குனிந்தார்.

"காலையில மூச்சு வாங்குச்சு. சாமியார் கிளை ஊருக்குப் போயிருந்தார், அப்புறம்தான் வந்தார். ஐயரும் ஊர்ல இல்ல. வீட்டுக்குள்ள நானும் மாமனாரும்தான்."

"ஆபத்து நேரத்துல யார் ஊத்தலாம்? உம்மகிட்டப் படிக்கிற பிள்ளைங்க பாட்டு மாதிரி ஒப்பிக்குமே. இங்க வரைக்கும் கேக்கும்."

"யாரும் ஊத்தலாம். வேதத்துல சேராத ஆளும் ஊத்தலாம். ஆம்பள இருந்தா பொம்பள ஊத்தக் கூடாது. வேற ஆள் இருந்தா பெத்தவங்க ஊத்தக் கூடாது."

மூச்சு விடாமல் ஒப்பித்தார். பதினெட்டு வருஷப் பழக்கம்.

"வேற ஆள் யார் இருந்தா?"

"மாமனார்."

"அவர்கிட்டச் சொன்னீரா?"

"டம்ளர்ல தண்ணியக் கொடுத்தேன். நீங்க ஊத்துங்க மாமா, நீங்க ஊத்தினாலும் எங்க திருச்சபை ஏத்துக்கும்னேன். அவருக்குக் கோவம் வந்துட்டு. 'உங்க பாப்பரசர் உத்தரவு போட்டா நான் ஊத்தணுமா மாப்ள? ஐயர்தான் ஊத்தணும். ஐயர் இல்லன்னா கர்த்தருக்குத் தெரியும். தண்ணியா ரட்சிக்குது?'ன்னார்."

"நீர் என்ன சொன்னீர்?"

"ஆண்டவர் முதல் பாப்பரசர் ராயப்பர் கையிலதான மோட்சத்துச் சாவியைக் கொடுத்தார்னேன்."

"அப்படியா."

"அவர் விடல. சாவி ஒருத்தனுக்கில்ல, விசுவாசிக்கிற எல்லாருக்கும்னார். எங்க எழுதியிருக்குன்னு கேட்டேன். காட்டுறேன்னு வேதப் புஸ்தகத்தை எடுத்தார். கண்ணாடி கிடைக்கல. தேடினார்."

"நீர்?"

"நான் ஞானோபதேசப் புஸ்தகத்தை எடுத்தேன்."

"கண்ணாடி கிடைச்சுதா?"

"கிடைச்சுது. வசனமும் கிடைச்சுது. ரெண்டு பேரும் சத்தமா வாசிச்சோம்."

அவர் நிறுத்தினார்.

"நிமிர்ந்து பார்த்தப்ப பிள்ளை அசையல."

மடத்தம்மா முழங்காலில் காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த வீட்டுல வேற யாரும் இல்லையா?"

"நானும் அவரும்தான்."

"பெத்தவ?"

"அவ இருந்தா. மடியில அவதான் வைச்சிருந்தா."

"அவ ஒண்ணும் சொல்லலையா?"

அவர் பொட்டலத்தின் துணி ஓரத்தை இழுத்து மூடினார்.

"டம்ளருக்குக் கை நீட்டினா. 'நான் ஊத்துறேன்'ன்னா."

"நீங்க?"

"'சும்மா இரு'ன்னோம்."

"யாரு?"

"ரெண்டு பேரும்."

"சேர்ந்தா?"

"சேர்ந்துதான்."

மடத்தம்மா எழுந்தாள். குடிசையின் மறுகோடிக்குப் போனாள். சுவரைப் பார்த்துச் சற்றுநேரம் நின்றாள்.

"பிள்ளை இப்ப எங்க இருப்பான்?" என்று அவள் முதுகைப் பார்த்துக் கேட்டார் சூசைமிக்கேல். "மோட்சமும் இல்லாம நரகமும் இல்லாம நடுவுல ஒரு இடம்னு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வெளிச்சம் இருக்கும், வலி இருக்காது, ஆண்டவர் முகம் மட்டும் தெரியாதுன்னு. ஒரு பிள்ளை எந்திரிச்சு, அங்க அம்மா இருப்பாளான்னு கேட்டுச்சு. இருக்க மாட்டான்னு சொல்லி உக்கார வைச்சேன்."

"மாமனார் என்ன சொல்றார்?"

"கர்த்தர் கையிலன்னு சொல்றார். ஆனா அவருக்கும் நேத்து சாப்பிட்டதுதான். ஒரு வாய்த் தண்ணி இறங்கல. புஸ்தகத்தை மூடாம அப்படியே வைச்சுட்டு உக்காந்திருக்கார்."

மடத்தம்மா மூலையிலிருந்து மம்பட்டியை எடுத்துவந்து வாசல்படியில் சாய்த்தாள்.

"பொழுது சாயப்போவுது. இந்தக் குடிசை மேட்டுல எங்க வேணும்னாலும் தோண்டும். யாரும் கேக்க மாட்டாங்க."

அவர் மேட்டைப் பார்த்தார்.

"சாமியார் மந்திரிக்காத மண்ணாச்சே."

அவள் மம்பட்டிப் பிடியை அவர் பக்கம் திருப்பினாள்.

ஒரு கையில் பிள்ளையை அணைத்துக்கொண்டு மறுகையால் மம்பட்டியை எடுத்தார். இரண்டு எட்டு வைத்தார். திரும்பி வந்தார்.

"மடத்தம்மா. தலை எந்தப் பக்கம்? எங்க வழக்கப்படியா, அவங்க வழக்கப்படியா?"

மடத்தம்மா அவரைப் பார்த்தாள். கோபமில்லை. அதைவிட மோசமான ஏதோ ஒன்று அந்த முகத்தில் இருந்தது. பிறகு அவள் பார்வை அவர் தோளைத் தாண்டி உப்பளத்து வரப்புக்குப் போனது.

வரப்பின் கோடியில், ஒற்றைப் பனையடியில், ஒரு பெண்.

"அது யாரு?"

"எஸ்தர்."

"பிள்ளை பெத்து நாலு நாள் ஆன உடம்பு. இவ்வளவு தூரம் நடந்தா வந்தா?"

"வராதன்னேன். கேக்கல. பின்னாலயே வந்துட்டா."

"அங்கேயே ஏன் நிக்கிறா?"

"நான்தான் நிக்கச் சொன்னேன். மடத்தம்மாகிட்ட கேட்டுட்டு வரேன், அதுவரைக்கும் நீ…"

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"திரும்பிப் பாரும்" என்றாள் மடத்தம்மா. "அவ இப்ப நிக்கல."

சூசைமிக்கேல் திரும்பினார்.

எஸ்தர் பனையடியில் முழங்காலிட்டு, இரண்டு கைகளாலும் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள்.