கால் இல்லாத சிங்கம்

பால் குடித்தாயிற்றா? போர்வை சரியாக இருக்கிறதா? அப்படியென்றால் கேளுங்கள். தூங்கவைக்க வந்த பெரியவர்களும் அப்படியே உட்கார்ந்து கேளுங்கள்.

முன்னொரு காலத்தில், ஏழு ஏரிகளுக்கு அப்பால், நெடுங்கரை என்று ஒரு நாடு இருந்தது. அதன் ராஜா வீரகேது. ராணி தேமொழி. அவர்களுக்குப் பத்து மாதத்தில் ஒரு பெண்குழந்தை. சிரித்தால் இரண்டு பல் தெரியும். தலை நிறையச் சுருட்டை முடி.

அந்த வம்சத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளின் முதல் முடியை ஒரே ஒரு சவரக்கத்தியால்தான் இறக்குவார்கள். அது ராஜாவின் முப்பாட்டனார் கத்தி. பிடி தந்தம். அலகில், கூருக்குச் சற்றே மேலே, செதுக்கியிருக்கும் வம்சத்துச் சிங்கம் நான்கு காலும் ஊன்றி நிற்கும்.

முடியிறக்க நாள் குறித்தார்கள். பெட்டியைத் திறந்தார்கள். முப்பது வருடமாக யாரும் தொடாத கத்தி துருவேறிப் பழுப்பாகக் கிடந்தது. கூரில் ஓர் இடத்தில் எள்ளளவு உடைந்து பல் விழுந்திருந்தது.

ராணி குழந்தையை இறுக அணைத்துக்கொண்டாள். இந்தக் கத்தியா என் குழந்தையின் தலையில் ஓடப்போகிறது?

"எல்லாப் பிள்ளைக்கும் நடக்கிறதுதானே" என்றார்கள் அரண்மனைப் பெண்கள். "தாய் பயந்தால் பிள்ளைக்கு ஆகாது. பேசாமல் இரு அம்மா."

ராணி பேசாமல் இருந்தாள். பயம் மட்டும் அவளோடு பேசிக்கொண்டே இருந்தது.

கத்தியைச் சரிசெய்பவர் வரலாம் என்று ராஜா பறையறைவித்தார்.

முதலில் சிங்காரம் வந்தான். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தான், தேய்த்தான், தேய்த்துக்கொண்டே இருந்தான். கத்தி கண்ணாடியாகிவிட்டது. ராஜா அதில் தன் மீசையைப் பார்த்து முறுக்கிக்கொண்டார்.

ராணி விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சில் ஒரு கொத்து எடுத்தாள். கத்தியின் கூர் மேல், ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, பூப்போல இழுத்தாள். நடுவழியில் பஞ்சு சிக்கிக்கொண்டது.

"பஞ்சை வைத்துக் கத்தியைச் சோதித்த முதல் ராணி நீதான்" என்று ராஜா சிரித்தார். ஆனாலும் சிங்காரத்தை அனுப்பிவிட்டார்.

இரண்டாவதாகக் கோட்டைசாமி வந்தான். சாணைக்கல்லில் மெல்லத் தீட்டினான். தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கிக் கத்தி மேல் விட்டான். முடி இரண்டாக விழுந்தது. சபையே கைதட்டியது.

ராணி பஞ்சை இழுத்தாள். அதே இடம். அதே சிக்கல்.

"மகாராணி, முடி அறுந்ததைப் பார்த்தீர்கள்தானே?" என்றான் கோட்டைசாமி, முகம் சுளித்து.

"முடி விழுந்தது நல்ல இடத்தில், அண்ணே. என் பிள்ளையின் தலையில் முழுக் கத்தியும் அல்லவா ஓடும்?"

மூன்றாவதாக மூக்காயி வந்தாள். ராணிக்குப் பிரசவம் பார்த்தவள் அவள்தான். இடுப்பில் தன் குழந்தையோடு வந்தாள்.

"என் வீட்டுக்காரர் சவரம் செய்வார். கத்தி தீட்டுவது நான்தான்" என்றவள், கத்தியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "மகாராஜா, முன்னால் வந்த ரெண்டு பேருக்கும் இந்தப் பல் தெரியாமல் இல்லை. தொடத்தான் பயம். பல் எவ்வளவு ஆழமோ, அவ்வளவு ஆழத்துக்கு கூர் முழுவதையும் தேய்த்து இறக்கணும். இறக்கினால் சிங்கத்தின் கால் போய்விடும்."



"என் முப்பாட்டனார் சிங்கம் முடமாவதா? முடியாது" என்றார் ராஜா. "இதே கத்திதான் எனக்கும் முடி இறக்கியது. எனக்கு என்ன ஆகிவிட்டது?"

ராணி எழுந்தாள். பயம் போகவில்லை. ஆனாலும் எழுந்தாள்.

"உங்கள் வலது காதுக்குப் பின்னால் தொட்டுப் பாருங்கள்."

"அது என் ராஜ அதிர்ஷ்டக் கோடு. அம்மாவே சொல்லியிருக்கிறாள்."

மூக்காயி பக்கத்தில் போய்ப் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "அதிர்ஷ்டம்தான் மகாராஜா. இன்னும் ஒரு விரல் தள்ளியிருந்தால் காது போயிருக்கும். கத்தியில் விழுந்த பல் கீறிய கோடு இது."

ராஜா காதைத் தடவினார். மகளைப் பார்த்தார். மறுபடி காதைத் தடவினார். "சிங்கம் உட்கார்ந்துகொள்ளட்டும்" என்றார்.

மூன்று நாள் மூக்காயி கத்தியைத் தேய்த்தாள். நாலு இழுப்புக்கு ஒரு தரம் தண்ணீரில் முக்கினாள். சூடேறினால் இரும்பு சோர்ந்துபோகும். முதல் நாள் பாதம் போயிற்று. இரண்டாம் நாள் முழங்கால் போயிற்று. மூன்றாம் நாள் பல் விழுந்த தடமே இல்லை. தோல்வாரில் முன்னும் பின்னும் இழுத்து, துளி எண்ணெய் தடவி, ராணியிடம் நீட்டினாள்.

ராணி பஞ்சை இழுத்தாள். தண்ணீரில் மீன் போவதுபோல் பஞ்சு போய்விட்டது.

"இன்னமும் பயமாக இருக்கிறது, மூக்காயி" என்றாள் ராணி மெதுவாக.

"எனக்கும்தான் தாயே. பயமே இல்லாதவன் கையில் என் பிள்ளையை நான் கொடுக்கமாட்டேன்."

குறித்த நாளில் குழந்தை ராணியின் மடியில் உட்கார்ந்தாள். மூக்காயியின் கணவர் கத்தியை ஓட்டினார். சுருள் சுருளாக முடி விழுந்தது. குழந்தை அதைப் பிடிக்கப் பார்த்துச் சிரித்தாள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஒரு கீறல் இல்லை. கத்தியை மடித்ததும்தான் அழுதாள், விளையாட்டு முடிந்துவிட்டதே என்று.

அன்றிலிருந்து நெடுங்கரையின் சிங்கத்துக்குக் கால் கிடையாது. கொடியிலும் அப்படியே உட்கார்ந்திருக்கும். கத்திப் பெட்டியில் எப்போதும் ஒரு கொத்துப் பஞ்சு இருக்கும். கத்தியை எடுப்பதற்கு முன் தாய்தான் அந்தப் பஞ்சை இழுத்துப் பார்க்க வேண்டும். அவளைப் பேசாமல் இருக்கச் சொல்ல அங்கே யாருக்கும் உரிமை இல்லை.

கண்ணுகளா, இவ்வளவுதான் கதை: பயம் வந்தால் வெட்கப்படாமல், அது காட்டும் பழுதைத் தேடிக் கண்டு சரிசெய்தால், அந்தப் பயமே நமக்குக் காவல்.