சிப்பிக் கயிற்றை அறுத்தவள்

தீர்ப்புச் சொல்லப் போகிறவர் நீங்கள். அதனால் முழுவதையும் கேட்டுவிடுங்கள்.

தென்கடற்கரையில் ஓர் உப்பங்கழி. அதில் அமலோற்பவமும் தங்கை ஜெனிட்டாவும் கயிறு கட்டிச் சிப்பி வளர்த்தார்கள். மூத்தவளுக்குப் பிள்ளை இல்லை. இளையவள் அப்போது கர்ப்பிணி. அவள் கணவன் கஸ்பார், கழியோரத்து முலாம் பூசும் பட்டறையில் வேலை பார்த்தான்.

அந்த வருஷம் கயிற்றில் ஒட்டிய குஞ்சுச் சிப்பிகள் எல்லாம் செத்தன. ஓடு கோணிப்போய், நகம் பட்டாலே நொறுங்கியது. பெரிய சிப்பிகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. சதை கொழுத்தே இருந்தன. வேறெதுவும் வாய்க்குப் பிடிக்காத ஜெனிட்டா தினமும் அவற்றை அவித்துத் தின்றாள்.

ஒருநாள் கஸ்பார் அமலோற்பவத்தைத் தனியே அழைத்தான்.

"மைனி, ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் வாய் திறக்க மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணுங்க."

விஷயம் தெரியாமலே அவள் சத்தியம் செய்தாள்.

பிறகு அவன் சொன்னான்: செம்பும், காட்மியம் என்ற நச்சு உலோகமும் கலந்த பட்டறைக் கழிவைக் கழியில் திறந்துவிடுவதே அவன்தான். குஞ்சுகளை அது கொன்றுவிடும். பெரியவை சாகாமல் அதைச் சதையில் சேர்த்துவைத்துக்கொள்ளும்.

"ஜெனிட்டா அதைத் தின்னாம பாத்துக்கோங்க. நான் சொன்னா ஏன்னு தோண்டித் தோண்டிக் கேப்பா. ஊருக்குத் தெரிஞ்சா என் வேலை போயிரும் மைனி."

அமலோற்பவம் தங்கையிடம் போனாள். "இனிமே சிப்பி தின்னாத புள்ள."

"ஏன்க்கா? நல்லாத்தானே இருக்கு?"

அமலோற்பவம் சிப்பிச் சட்டியைத் தள்ளிவைத்தாள். ஜெனிட்டா சிரித்துக்கொண்டே இன்னொன்றைப் பிளந்தாள்.

மறுநாள் காலையில் அமலோற்பவம் தோணியில் போய்க் கயிறுகளை எல்லாம் அறுத்துச் சிப்பிகளைச் சேற்றில் அமிழ்த்தினாள். கரையில் நின்று ஜெனிட்டா அலறினாள்.

"எனக்குப் பிள்ளை வரப்போகுதுன்னு உனக்குப் பொறாமை! அதான் என் வாயில மண்ணைப் போடுற!"

பக்கத்தில் நின்ற கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டான். அமலோற்பவம் அப்போதும் சத்தியத்தை மீறவில்லை.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அதன் முகத்தைக்கூட ஜெனிட்டா பெரியம்மாவுக்குக் காட்டவில்லை. கஸ்பார் இன்றும் கழிவைத் திறந்துவிடுகிறான். கழிமுகப் பாறைகளில் ஊர்ப் பெண்கள் சிப்பி பெயர்த்து வந்து தங்கள் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுகிறார்கள்.

உண்மையைச் சொன்ன கஸ்பார், கொடுத்த வாக்கைக் காத்த அமலோற்பவம், அக்காவின் உறவை அறுத்த ஜெனிட்டா. இதில் யார் செய்தது சரி?

விடை: அமலோற்பவம் என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தங்கை வயிற்றுப் பிள்ளையைக் காத்தவள், ஊர்ப் பிள்ளைகள் தின்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். நஞ்சை மறைக்க வாங்கிய சத்தியத்தை மீறியிருந்தால் மாதா கோபித்திருக்கமாட்டாள். கஸ்பார் உண்மையை ஒருத்தியிடம் மட்டும் சொன்னான். அதையும் வெளியே போகாதபடி சத்தியம் வாங்கிப் பூட்டிவைத்தான். மூவரில் தப்பு செய்யாதவள் ஜெனிட்டாதான். கண்ணால் கண்டதை வைத்துக் கோபப்பட்டாள். அவளிடம் உண்மையைச் சொல்ல இன்றுவரை யாருக்கும் வாய் வரவில்லை.