மூன்று ராணிகளும் முக்கோணப் போர்வையும்

பனிவரைக்கோட்டை என்று ஒரு ராஜ்யம். அங்கே மார்கழி பிறந்தால் மோரைக் கத்தியால் வெட்டித்தான் ஊற்றிக்கொள்ள வேண்டும். ஊற்ற முடியுமா என்று கேட்காதீர்கள், கதையைக் கேளுங்கள்.

அந்தக் குளிருக்காக ராஜா வச்சிரவேலருக்கு அவருடைய மூன்று ராணிகளும் சேர்ந்து ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைத்தார்கள். உள்ளே பஞ்சு, மேலே நூறு வண்ணத் துண்டுகள். சண்டை இல்லாமல் மூன்று பேரும் செய்த ஒரே காரியம் அதுதான். ஓரப்பட்டி கட்டும் வேலை மட்டும் பாக்கி. அது கட்டாவிட்டால் ஓரம் பிரிந்து பஞ்சு வெளியே வந்துவிடுமே!

அரண்மனைத் தையற்காரன் மூக்கையன் வந்து பணிவாகக் கேட்டான். “எந்தத் துணியில் பட்டி கட்டட்டும், மகாராணி?”

“எங்கள் பட்டுச் சேலையில்தான்! வேறு துணி ஒரு நூல்கூட உள்ளே வரக்கூடாது” என்றார் மூத்தவர் செண்பகவடிவு.

“ஆனால் என் சேலை கால்மாட்டில் வரக்கூடாது. கால் படுகிற இடமா என் பட்டுக்கு?” என்றார் நடுராணி அலர்மேலு.

“எனக்கு மட்டும் மானம் இல்லையா? என்னுடையதும் கூடாது!” என்றார் இளையவர் மரகதம்.

“நான் மட்டும் இளிச்சவாயா?” என்றார் மூத்தவர்.

போர்வைக்குப் பக்கம் நாலு. சேலை மூன்று. கால்மாட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். ராஜாவுக்குக் காது வலித்தது. “அவர்கள் சொன்னபடியே கட்டு. நாளை உச்சிப்பொழுதுக்குள் முடியவில்லை என்றால் உன் தலை இருக்காது!” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

மூக்கையன் அலறியடித்துக்கொண்டு அப்பாண்டையிடம் ஓடினான். அப்பாண்டை சபையில் ஒரு மந்திரி. வேலை குறைவு, வாய் அதிகம்.

“ஐயா, என் கழுத்தைப் பாருங்கள். இது நாளைக்கு இருக்காது!”

அப்பாண்டை விஷயம் முழுவதும் கேட்டார். வயிறு குலுங்கச் சிரித்தார். மூக்கையனுக்கு எரிச்சலாக வந்தது.

“கோபப்படாதே அப்பா. கால்மாட்டுப் பக்கம்தானே தொல்லை? அந்தப் பக்கமே இல்லாமல் செய்துவிடு!”

“போர்வையை வெட்டச் சொல்கிறீர்களா? அதற்கும் தலை போகுமே!”

“வெட்டாதே, மடி. கீழ் ஓரத்தின் நடு மட்டும் கூர்முனையாக நிற்கட்டும்; அங்கிருந்து தலைமாட்டு மூலைவரை இரு பக்கமும் சரிவாக, கீழ் மூலை இரண்டையும் உள்பக்கமாக மடக்கு. இழுத்தால் பிரிகிற ஓட்டுத்தையல் போடு. இப்போது எத்தனை பக்கம்?”

மூக்கையன் விரல் விட்டு எண்ணினான். “மூணு!” என்று கத்தினான். உடனே ஊசியைக் கையில் எடுத்தான்.

மறுநாள் காலை சபைக்குப் போர்வை வந்தது. தலைமாட்டில் செண்பகவடிவின் சிவப்பு. ஒரு சரிவில் அலர்மேலுவின் மஞ்சள், மறு சரிவில் மரகதத்தின் பச்சை. கால்மாட்டில் வெறும் கூர்முனை.

“இது என்னய்யா, போர்வையா சமோசாவா?” என்றார் ராஜா.

“படுத்துப் பாருங்கள் அரசே. சொன்னதில் ஒரு நூல் பிசகியிருந்தால் இவன் தலையோடு என் தலையையும் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார் அப்பாண்டை.

சபை நடுவே கட்டில் போட்டார்கள். ராஜா படுத்தார். கழுத்துவரை மூடினார்கள். கீழே இரண்டு கால்களும் முழங்காலிலிருந்து வெளியே! அப்பாண்டை மெல்ல நகர்ந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டார். குளிர்காற்று விர்ரென்று வந்தது.

“அச்சூ!” என்றார் ராஜா. “அடேய், என் கால்!”

“கால்மாட்டுக்கு ஆளில்லை, அரசே” என்றார் அப்பாண்டை. “ராணிகளின் கட்டளை.”

ராஜா மறுபடி தும்மினார். கால்விரல் பத்தும் நீலம் பாரித்தன. பார்த்துக்கொண்டிருந்த செண்பகவடிவுக்கு மனம் பொறுக்கவில்லை.

“ஐயையோ! மடிப்பைப் பிரியுங்கள்! என் சேலையைக் கால்மாட்டுக்குக் கட்டுங்கள்!”

“அதெப்படி? நேற்று ‘நான் மட்டும் இளிச்சவாயா’ என்றீர்களே, அக்கா! கால்மாடு எனக்குத்தான்” என்று குதித்தார் அலர்மேலு.

“தினமும் கால் பிடித்துவிடுவது யார்? நான்! அது என் இடம்!” என்று கட்டிலின் மேலேயே ஏறிவிட்டார் மரகதம்.

மூன்று ராணிகளும் ராஜாவின் காலைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ராஜா கூச்சத்தில் நெளிந்து நெளிந்து சிரித்தார். “விடுங்கள், விடுங்கள்! அப்பாண்டை, இதற்கு வழி சொல்லும்!”

“சுலபம், அரசே. மூன்று சேலையையும் சாண் சாணாக நறுக்கி, ஒன்றுவிட்டு ஒன்றாக ஒட்டிப் பட்டி செய்யட்டும். கால்மாட்டிலும் இரண்டு பக்கத்திலும் மூவரும் சமமாக வந்துவிடுவார்கள்.”

ராணிகள் சம்மதித்தார்கள். மூக்கையன் ஓட்டுத்தையலைச் சரக்கென்று இழுத்தான். போர்வை விரிந்து ராஜாவின் காலை மூடியது. அவருக்கு உயிர் வந்தது. அப்புறம்தான் ஒன்று நினைவுக்கு வந்தது.

“தலைமாடு? அதற்கு யார் துணி?”

ராணிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கால்மாடுதான் பெருமை என்றாகிவிட்டதால், மூவருக்கும் தலைமாட்டுக்கு வர இப்போது மனமில்லை. மூக்கையனுக்கு மறுபடி கழுத்து குறுகுறுத்தது.

அப்பாண்டை அவன் தலைப்பாகையை லபக்கென்று உருவி ராஜா முன் நீட்டினார்.

“நேற்று இவன் தலையைக் கேட்டீர்கள், அரசே. அது இவனுக்கு வேண்டியிருக்கிறதாம். அதற்குப் பதில் தலைமாட்டுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்!”

ராஜா சிரித்த சிரிப்பில் கட்டில் முறிந்தது. வேறு துணி கூடாது என்ற ராணிகளும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். மூக்கையனுக்கு அன்றே புதுப் பட்டுத் தலைப்பாகை கிடைத்தது. பழைய தலைப்பாகை பட்டியாக ஏறிய ராஜாவின் தலைமாட்டில் மட்டும், எத்தனை முறை வெளுத்தாலும், மூக்கையன் தலையில் தேய்த்த கொஞ்சம் நல்லெண்ணெய் வாசனை வந்துகொண்டே இருந்தது.